கார்பைடு பரப்பில் வாயு மூலக்கூறின் பரப்புக் கவர்ச்சியைக் கணக்கிடும் முறை

உலோகக் கார்பைடின் மீது வாயு மூலக்கூறு எவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொள்கிறது என்பதை டி.எஃப்.டி. முறையில் (எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு ஆற்றலைக் காணும் குவாண்டம் கணக்கீடு) கணக்கிட முனைபவர், பரப்பிலுள்ள கார்பன் அணுவும் பிணைப்பில் பங்கேற்கும் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பிளாட்டினம் போன்ற தூய உலோகங்களில் கைபழகியவர்கள், மூலக்கூறை உலோக அணுவின் மேல் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, கார்பைடுக்கே உரிய பிணைப்பைத் தவறவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு டைட்டானியம் கார்பைடின் (001) தளமே ஏற்றது; படிகத்தை எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதை இத்தகைய எண்கள் குறிக்கும். இது பாறை உப்பு வகைப் படிகம். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டமான அலகுக்கூட்டின் பக்கம் ஏறத்தாழ 4.33 ஆங்ஸ்ட்ராம். (111) தளத்தில் டைட்டானியம் அடுக்கும் கார்பன் அடுக்கும் மாறி மாறி வருவதால் எந்த அடுக்கில் முடிகிறது என்ற சிக்கல் எழும்; (001) தளத்தில் இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதால் அது எழாது. முழுப் படிகத்தை முதலில் தளர்த்தி (ஆற்றல் மிகக் குறைந்த நிலைக்கு வரவிட்டு), அதில் கிடைக்கும் அளவைக் கொண்டே பரப்பை வெட்டவும். குறைந்தது நான்கு அடுக்குகள் வைத்து, கீழிரண்டை அசையாமல் நிறுத்தி, மேலே 12 முதல் 15 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடவும். மூலக்கூறு ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் அதனால் எழும் செயற்கை மின்புலத்தை நீக்கும் இருமுனைத் திருத்தம் தேவை.

அடுத்து, தொடக்க நிலைகள். கார்பன் டை ஆக்சைடை நேர்கோடாகப் பரப்பிலிருந்து தள்ளி வைத்தால், அது வலுவற்ற இயற்பியல் கவர்ச்சியிலேயே தங்கிவிடக்கூடும். எனவே அதன் கோணத்தை 140 பாகையளவுக்கு வளைத்து, அதன் கார்பன் பரப்பின் கார்பனுக்கு நேர் மேலே வருமாறு இன்னொரு கணக்கையும் தொடங்கவும். தளர்ந்து முடியும்போது இரு கார்பன்களும் பிணைந்திருக்கும். ஆக்சிஜன்கள் அருகிலுள்ள டைட்டானியத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். வாயு நிலையில் 1.16 ஆங்ஸ்ட்ராமாக இருந்த கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தெளிவாக நீண்டிருக்கும். பரப்பிலிருந்து எலக்ட்ரான் மூலக்கூறுக்குச் சென்றதன் அடையாளம் இந்த வளைவும் நீட்சியுமே.

கவர்ச்சி ஆற்றல் என்பது, மூலக்கூறுடன் கூடிய பரப்பின் ஆற்றலிலிருந்து வெறும் பரப்பின் ஆற்றலையும் தனி மூலக்கூறின் ஆற்றலையும் கழித்தால் வருவது; எதிர்க்குறி பிணைப்பைக் குறிக்கும். மூன்று கணக்குகளிலும் ஒரே கணக்கீட்டு அமைப்புகளையும், வலுவற்ற ஈர்ப்பைச் சேர்க்கும் ஒரே வாண்டர் வால்ஸ் திருத்தத்தையும் கையாளவும். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு இணையாகாத எலக்ட்ரான்கள் உண்டு என்பதால் இருவகை ஸ்பின் எலக்ட்ரான்களையும் தனித்தனியே பார்க்கும் ஸ்பின் கணக்கின்றி அதைத் தொடவே கூடாது.

இந்த எண்ணோடு நின்றுவிடுவது பெரும்பிழை. 298 கெல்வினில் வாயு நிலைக் கார்பன் மோனாக்சைடின் என்ட்ரோபிப் பங்கு (மூலக்கூறின் தடையற்ற அசைவால் வருவது) மட்டும் சுமார் 0.61 எலக்ட்ரான் வோல்ட். பரப்பில் ஒட்டியதும் அதில் பெரும்பகுதி இழக்கப்படுகிறது. ஆகவே −0.4 எலக்ட்ரான் வோல்ட் என்ற கவர்ச்சி ஆற்றல், அறை வெப்பநிலையில் ஒரு பார் அழுத்தத்தில்கூட மூலக்கூறைப் பரப்பில் நிறுத்திவைக்கப் போதாது. ஆய்வக அளவீட்டோடு ஒப்பிடும் முன், காற்றுப் பட்ட கார்பைடின் மேல் ஆக்சிஜன் படிந்திருக்கும் என்பதால், ஆக்சிஜன் மூடிய பரப்புக்கும் இதே கணக்கை ஒருமுறை செய்துவிடவும்.