கெடு முடிந்த பிறகு பேஸ்பால் வீரர் எப்படி அணி மாறுகிறார்? நீங்களே சரிபார்க்கும் முறை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் (எம்எல்பி) அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட்டுக்கு ஒரு கடைசி நாள் உண்டு, அதுதான் கெடு. ஆகஸ்டு பிறந்ததும் "அந்த பிட்ச்சரை (பந்து எறிபவரை) இந்த அணி வாங்கப் போகிறது" என்று வதந்திகள் கிளம்பிவிடும். அது நடக்கக்கூடியதா, வெறும் பேச்சா என்று கண்டுபிடிக்க நான் பின்பற்றும் வரிசையை இங்கே தருகிறேன். ட்ரேட் என்றால் என்ன, பிளேஆஃப் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நீங்கள் படிக்கும் கட்டுரை எந்த ஆண்டில் எழுதியது?

இதைத்தான் முதலில் பாருங்கள். 2019-க்கு முன்பு எழுதியது என்றால் மூடிவிடுங்கள். அப்போது ஜூலை 31 தாண்டியும் ஆகஸ்டு முழுக்க ட்ரேட் நடந்தது. ஒரு வீரரை அணி வெய்வர்ஸில் போடும் (வேண்டிய அணி கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று மற்ற அணிகளுக்கு அறிவிக்கும்), வேறு அணி கேட்டால் அந்த அணியோடு மட்டும் பேரம் பேசலாம், பிடிக்கவில்லை என்றால் வீரரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், யாருமே கேட்கவில்லை என்றால் எந்த அணிக்கு வேண்டுமானாலும் ட்ரேட் செய்யலாம். 2017 ஆகஸ்டு 31 நள்ளிரவு நெருங்கும்போது டெட்ராய்ட் டைகர்ஸ் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு அனுப்பியது இந்த வழியில்தான், அந்த ஆண்டு ஆஸ்ட்ரோஸ் கோப்பையையும் வென்றது. இவ்வளவு பெரிய கதை என்பதால் இன்றும் எல்லோரும் அதையே உதாரணம் காட்டுகிறார்கள், புதிதாகப் பார்க்க வருகிறவர் குழம்பிப் போகிறார்.

2019 முதல் ஒரே கெடுதான். இப்போது அது ஜூலை 28-க்கும் ஆகஸ்டு 3-க்கும் இடையில் ஒரு நாளாக இருக்கும். 2023-இல் ஆகஸ்டு 1, 2024-இல் ஜூலை 30. அதனால் ஜூலை 31 என்று மனப்பாடம் செய்து வைக்காமல் அந்தந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வீரர் இந்த சீசனில் 40 பேர் பட்டியலில் இருந்தாரா?

எனக்கு விளங்க அதிக நேரம் பிடித்த படி இதுதான், நிதானமாகப் படியுங்கள். 40 பேர் பட்டியல் என்றால் ஓர் அணி மேஜர் லீக் ஆட்டங்களுக்கு வைத்திருக்கும் வீரர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல். கெடுவுக்குப் பிறகும் ட்ரேட் அடியோடு நின்றுவிடுவதில்லை. மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள நிலை) ஒப்பந்தத்தில் இருப்பவரை ட்ரேட் செய்யலாம். ஆனால் அவர் அந்த சீசனில் எந்த அணியின் 40 பேர் பட்டியலிலும் ஒருநாள்கூட இருந்திருக்கக் கூடாது. இன்று இருக்கிறாரா என்பது மட்டும் கேள்வி இல்லை, சீசன் தொடங்கியதிலிருந்து எப்போதாவது இருந்தாரா என்று பார்க்க வேண்டும். ஏப்ரலில் மேஜர் லீக் அணிக்கு வந்து, மே மாதம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, இப்போது மைனர் லீக்கின் மேல்நிலையான ட்ரிபிள்-ஏவில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்தால் சாதாரண மைனர் லீக் வீரர் போலத்தான் தெரிவார், ஆனால் அவரை ட்ரேட் செய்ய முடியாது.

இதைச் சரிபார்க்க ஃபேன்கிராஃப்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவரத் தளத்தின் ரோஸ்டர் ரிசோர்ஸ் பக்கம் பலருக்குப் பிடிக்கும். இன்றைய நிலவரத்துக்கு அது நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு எனக்கு எம்எல்பி தளத்தில் வீரரின் பக்கத்தில் இருக்கும் பரிவர்த்தனைப் பட்டியல்தான் வசதி. தேதி வாரியாக வரும், ஏப்ரல் வரை கீழே இறங்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

படி 3: அப்படியானால் வெய்வர்ஸ்தான்

40 பேர் பட்டியலில் இருப்பவர் ஆகஸ்டில் அணி மாற வேண்டும் என்றால் அவரை அணி வெய்வர்ஸில் போட வேண்டும், வேறொரு அணி கேட்டு எடுக்க வேண்டும். ஏறக்குறைய 2 நாள் அவகாசம். பல அணிகள் கேட்டால் வெற்றி விகிதம் குறைவான அணிக்கே முன்னுரிமை. எடுக்கும் அணி மீதிச் சம்பளம் முழுவதையும் ஏற்கிறது. விட்டுக்கொடுத்த அணிக்குப் பதிலாக எந்த வீரரும் வருவதில்லை, பழைய முறைபோல மனம் மாறித் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது.

2023 ஆகஸ்டு கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் ஒரே நேரத்தில் 6 பேரை இப்படிப் போட்டது. லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், மேட் மூர் மூவரையும் கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ் எடுத்தது, ஹன்டர் ரென்ஃப்ரோ சின்சினாட்டி ரெட்ஸுக்குப் போனார், டொமினிக் லியோன் சியாட்டிலுக்கு. ராண்டல் கிரிச்சக்கை யாரும் கேட்கவில்லை, அவர் ஏஞ்சல்ஸிலேயே தங்கினார். நோக்கம் ஆடம்பர வரி (மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி) வரம்புக்குக் கீழே சம்பளக் கணக்கைக் கொண்டுவருவது. ஜியோலிட்டோவையும் லோபஸையும் சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து வாங்க அதே ஆண்டு ஜூலையில்தான் எட்கர் கேரோ, கை புஷ் என்ற இரண்டு இளம் வீரர்களைக் கொடுத்திருந்தார்கள், அந்த இருவரும் ஒயிட் சாக்ஸிலேயே இருந்துவிட்டார்கள். ஒரே கெடு நல்ல விதி என்றே நான் நினைக்கிறேன், அணிகள் ஜூலையிலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஆனால் பாதி அணியை இப்படி வெளியே வைப்பது ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம்.

படி 4: ஆகஸ்டு 31

அன்று அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11:59-க்குள் அணிக்குள் வந்துவிட்டவர்தான் பிளேஆஃப் ஆட முடியும். இந்தியாவில் அப்போது செப்டம்பர் 1 காலை 9:29. வெய்வர்ஸுக்கு 2 நாள் பிடிக்கும் என்பதால் 29-ஆம் தேதி வாக்கிலேயே செய்திகள் குவியும். செப்டம்பரிலும் வீரரை எடுக்கலாம், ஆனால் பிளேஆஃபுக்கு முந்தைய வழக்கமான சீசன் ஆட்டங்களோடு சரி.

பின்சேர்க்கை: இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் சேர்க்கிறேன். செப்டம்பரில் ட்ரேட் செய்தி வந்ததே என்றால், அது பெரும்பாலும் ஜூலையில் "பெயர் பிறகு" என்று, அதாவது கொடுக்கும் ஒரு வீரரின் பெயரைப் பின்னர் சொல்வதாக, முடித்த ட்ரேட்டாக இருக்கும். அந்த வீரரின் பெயரை 6 மாதத்துக்குள் சொன்னால் போதும்.

அடுத்தது, விலை உயர்ந்த நல்ல வீரரை வெய்வர்ஸில் ஏன் யாரும் எடுப்பதில்லை? சில சமயம் காத்திருப்பதே லாபம். யாரும் கேட்காமல், பழைய அணி அவரை விடுவித்துவிட்டால், புதிய அணி குறைந்தபட்சச் சம்பளத்தில் மீதி நாட்களுக்கான பங்கை மட்டும் கொடுத்தால் போதும், மிச்சத்தைப் பழைய அணியே கட்ட வேண்டும். ஆகஸ்டில் ஒரு பெரிய பெயர் விடுவிக்கப்பட்டதாகப் படித்தால், அடுத்த சில நாட்கள் அவர் பெயரைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.