ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் கால்சியத்தின் வேலை என்ன? படம் வரைந்து புரிந்துகொள்வோம்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்குவதில்லை. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான வேகத்தில் தாறுமாறாக நடுங்குகின்றன. ‘மின்கோளாறு’ என்று இதை ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த மின்சாரத்தைக் கெடுப்பதில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் வரைந்து பார்த்தால்தான் இது மனதில் நிற்கும்.

படி 1: செல்லை வரையுங்கள்

ஒரு நீள்வட்டம் போதும். அதுதான் மேலறைத் தசையின் ஒரு செல். வெளியே ‘1 மில்லிமோலாருக்குச் சற்று மேல்’ என்றும், உள்ளே ‘100 நானோமோலார்’ என்றும் எழுதுங்கள். ஓய்வு நேரத்தில் கட்டற்ற, அதாவது எதனோடும் ஒட்டாமல் உலவும், கால்சியத்தின் செறிவு இது (ஒரு மில்லிமோலார் என்பது பத்து லட்சம் நானோமோலார்). வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட 10,000 மடங்குக்கும் அதிகம். செல்லுக்குள் ஒரு பையையும் வரையுங்கள். அதன் பெயர் சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம். நாம் ‘கிடங்கு’ என்றே சொல்வோம்.

படி 2: நான்கு வழிகளைக் குறியுங்கள்

செல்லின் வெளிச்சவ்வில் இரண்டு: கால்சியத்தை உள்ளே விடும் எல்-வகை சேனல், வெளியேற்றும் சோடியம்-கால்சியம் பரிமாற்றி. கிடங்கின் சுவரில் இரண்டு: கால்சியத்தைத் திறந்துவிடும் ரயனோடின் ஏற்பி, திரும்ப உள்ளே இழுக்கும் செர்கா பம்ப்.

படி 3: ஒரு நல்ல துடிப்பைப் பின்தொடருங்கள்

மின்துடிப்பு வந்ததும் எல்-வகை சேனல் திறந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வரும். அந்தக் கொஞ்சம் ரயனோடின் ஏற்பிகளைத் திறக்க, கிடங்கிலிருந்து நிறைய கால்சியம் வெளியே பாயும். தசை சுருங்கும். பிறகு பெரும்பகுதியை செர்கா கிடங்குக்குள் இழுத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பரிமாற்றி வெளியேற்றும், தசை தளரும். கால்சியம் இல்லாத திரவத்தில் தவளையின் இதயம் சுருங்காது என்பதை ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கர் 1883இலேயே காட்டியிருந்தார்.

படி 4: பரிமாற்றியின் கணக்கைப் போடுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். எல்லாமே இங்கேதான் திரும்புகிறது. ஒரு கால்சியம் அயனி வெளியேற வேண்டுமானால் மூன்று சோடியம் அயனிகள் உள்ளே வர வேண்டும். வெளியே போவது இரண்டு நேர்மின்னூட்டம்; உள்ளே வருவது மூன்று. ஆக, ஒவ்வொரு முறையும் ஒரு நேர்மின்னூட்டம் செல்லுக்குள் மிஞ்சுகிறது. கால்சியத்தை வெளியேற்றுவதே ஒரு மின்னோட்டம். இதைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள்.

படி 5: இப்போது கிடங்கில் கசிவு வைத்துப் பாருங்கள்

ஓய்வு நேரத்தில் ரயனோடின் ஏற்பிகள் மூடியிருக்க வேண்டும். சிறு கூட்டமாக அவை தற்செயலாகத் திறந்தால் நுண்ணோக்கியில் ‘கால்சியம் பொறி’ தெரியும். 1993இல் முதன்முதலாக இது விவரிக்கப்பட்டது. ஓரிரு பொறிகளால் ஆபத்தில்லை. ஆனால் கால்மோடுலின் கைனேஸ்-2 என்ற நொதி அளவுக்கு மீறி வேலை செய்து ஏற்பிகளில் பாஸ்பேட்டைச் சேர்த்தாலோ, கிடங்கு நிரம்பி வழிந்தாலோ, பொறிகள் ஒன்றையொன்று தூண்டி அலையாகச் செல் முழுவதும் பரவும். அந்தக் கால்சியத்தைப் பரிமாற்றி வெளியேற்றும். வட்டமிட்ட கணக்கு நினைவிருக்கிறதா? செல்லுக்குள் நேர்மின்னோட்டம் வந்து, ஓய்விலிருக்கும் மின்னழுத்தம் உயரும். துடிப்பைக் கிளப்பும் எல்லையை அது தொட்டுவிட்டால், யாரும் அழைக்காத ஒரு துடிப்பு பிறக்கும்.

இத்தகைய தூண்டல்கள் பல நோயாளிகளில் நுரையீரல் சிரைகள் இடது மேலறையோடு சேரும் இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து இதய மருத்துவர் ஹைசகேரின் குழுவினர் வெளியிட்டனர்.

படி 6: நடுக்கம் ஏன் நிற்காமல் தொடர்கிறது?

மேலறை அதிவேகமாகத் துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே வந்து குவிகிறது. செல் தன்னைக் காத்துக்கொள்ள எல்-வகை சேனல் வழியான வரவைக் குறைத்துக்கொள்கிறது. பொட்டாசியம் வெளியேறும் சில வழிகளும் பலமாகின்றன. இதனால் மின்துடிப்பின் நீளம் சுருங்கி, செல் சீக்கிரமே அடுத்த தூண்டலுக்குத் தயாராகிவிடுகிறது. அலை திரும்பி வரும்போது பாதை திறந்தே இருக்கும். அது சுற்றிச் சுற்றி ஓடும். தற்காப்பே நோய்க்கு வழிவிடுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்தும் இடம். 1995இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வு, ஃபிப்ரிலேஷனே ஃபிப்ரிலேஷனை வளர்க்கிறது என்று காட்டியது.

படத்தை வைத்து இரண்டு சந்தேகங்கள்

வெராபமில், டில்டியாசெம் போன்ற மருந்துகள் எல்-வகை சேனலைத் தடுக்கின்றனவே, அவை இதைக் குணப்படுத்துமா? பொதுவாக இல்லை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏவி கணு என்ற மின்வாசலில் மின்துடிப்பின் கடத்தலைத் தாமதப்படுத்தி, கீழறையின் வேகத்தைக் குறைக்கவே அவை தரப்படுகின்றன. கிடங்கின் கசிவு அப்படியே இருக்கும். ரயனோடின் ஏற்பியை நிலைப்படுத்தும் மருந்துகளைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

உணவில் கால்சியத்தைக் குறைத்தால் சரியாகுமா? ஆகாது. ரத்தத்தின் கால்சிய அளவை உடல் ஹார்மோன்களால் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. நாம் வரைந்த கோளாறு செல்லுக்குள், கிடங்கின் சுவரில் இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் கால்சியத்தையோ மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள்.