எச் பைலோரி பொசிட்டிவ் வந்தா அந்த ஜீன் பேர்களை எப்படி வாசிக்கிறது?

கொழும்பில காஸ்ட்ரைட்டிஸ் இல்லாத ஒஃபிஸே இல்ல. காலம சாப்பிடாம பிளேன் டீயோட ஓடுறது, எரிஞ்சா ஃபார்மசில ஒமிப்ரசோல் ஒரு கார்ட் வாங்கிப் போடுறது, மாசக்கணக்கா அப்படியே போகும். கடைசில சனல் பண்ணிப் போனா டொக்டர் எச் பைலோரி (வயித்துக்குள்ள இருக்கிற ஒரு பக்டீரியாக் கிருமி) டெஸ்ட் எழுதுவார், பொசிட்டிவ் எண்டு வந்த உடனே போனை எடுத்துத் தேடுவம், காக் ஏ, வாக் ஏ எண்டு அந்தக் கிருமிட ஜீன் பேர்கள், கேன்சர் எண்டு வரிசையா வரும், அண்டைக்கு நித்திரை போச்சு.

ஜீனைப் பார்க்க முதல் டெஸ்ட் சரியா எடுத்ததா எண்டு பாருங்க. மூச்சு டெஸ்ட் அல்லது மலத்தில ஆன்டிஜென் (கிருமிட புரதம்) பார்க்கிற டெஸ்ட்தான் நல்லது. ரத்தத்தில ஆன்டிபொடி (கிருமிக்கு எதிரா உடம்பு செய்யிறது) பார்த்தா கிருமி போய் கன காலத்துக்குப் பிறகும் பொசிட்டிவ் காட்டும், அதை நம்பி மருந்து தொடங்கிறது எனக்குப் பிடிக்காது. டெஸ்டுக்கு 2 கிழமைக்கு முதலே ஒமிப்ரசோல் வகைய நிப்பாட்டணும், ஆன்டிபயோட்டிக், பிஸ்மத் (இந்தக் கிருமிக்குக் குடுக்கிற இன்னொரு மருந்து) எண்டா 4 கிழமை. இல்லாட்டி கிருமி அடங்கிக் கிடக்கும், ரிப்போர்ட் சும்மா நெகட்டிவ் எண்டு வரும். (முதல்ல அல்சர்ல ரத்தம் போன ஆக்கள், அஸ்பிரின் போடுற ஆக்கள் ஒமிப்ரசோலைத் தன்பாட்டில நிப்பாட்ட வேணாம், டொக்டர்ட்ட கேளுங்க.)

இப்ப ஜீனுக்கு வருவம். யூரியேஸ் எண்ட என்சைமைச் செய்யிற ஜீன்கள் இந்தக் கிருமி எல்லாத்திட்டயும் இருக்கு, அது யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கி அசிட்டைத் தணிச்சுக்கிட்டுத்தான் வயித்துக்குள்ள உயிரோட இருக்கு, மூச்சு டெஸ்ட் பிடிக்கிறதும் இதைத்தான். காக் ஏ அப்படி இல்ல, சில கிருமிட்ட இருக்கும் சிலதிட்ட இல்ல. அது கிட்டத்தட்ட 40,000 எழுத்து நீளமான ஒரு டிஎன்ஏ துண்டோட வருது, அந்தத் துண்டில உள்ள மத்த ஜீன்கள் சேர்ந்து ஊசி மாதிரி ஒண்டைக் கட்டி காக் ஏ புரதத்தை நேரா எங்கட வயித்துச் செல்லுக்குள்ள ஏத்திவிடும், உள்ள போனதும் செல்லுட சிக்னலைக் குழப்பும், செல் நீண்டு போகும், செல்லுக்குச் செல் இருக்கிற பிடி தளரும், அழற்சி கூடும். வாக் ஏ எண்டா எல்லாத்திட்டயும் இருக்கிற ஜீன், ஆனா வகை வேற வேற: எஸ்1 எம்1 எண்டா நச்சு கூட, எஸ்2 எண்டா பெரும்பாலும் சாது. பாப் ஏ எண்ட ஜீன் கிருமி வயித்துச் சுவரில ஒட்டிப்பிடிக்கிற வேலைக்கு.

இந்த ஜீன்களுக்கு அல்சரோட தொடர்பு இருக்கு எண்டு ஒரு ஆய்வு சொன்னா முதல்ல எந்த நாட்டு நோயாளி எண்டு பாருங்க, இது முக்கியம். ஜப்பான், கொரியாவில கிட்டத்தட்ட எல்லாக் கிருமிட்டயும் காக் ஏ இருக்கு, அதால அங்க அது இருக்கா இல்லையா எண்டு பார்த்து அல்சர்காரரையும் சும்மா காஸ்ட்ரைட்டிஸ்காரரையும் பிரிக்க ஏலாது. அதோட அந்தப் பக்கத்து காக் ஏட வகையே வேற, மேற்கு நாட்டு வகைய விட உக்கிரம். பிறகு யாரோட யாரை ஒப்பிட்டிருக்காங்க, எத்தனை பேர் எண்டு பாருங்க. 30 பேரை வச்சு எழுதினதுக்கெல்லாம் நித்திரையைக் குடுக்க வேணாம்.

கிருமி இருக்கிற 100 பேர்ல வாழ்நாளில அல்சர் வாறது 10, 20 பேருக்கு, வயித்துக் கேன்சர் 1, 2 பேருக்கு. எங்கட பரம்பரை, சிகரெட், உப்புக் கூடின சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்குது. மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் போட்டு வாற அல்சருக்கு கிருமியே தேவையில்ல.

அதால லேபுக்கு லேப் அலைஞ்சு காக் ஏ பார்க்கக் காசு செலவழிக்காதீங்க, இருந்தாலும் இல்லாட்டியும் மருந்து ஒண்டுதான். கேட்கவேண்டிய ஜீன் டெஸ்ட் வேற: கிளரித்ரோமைசின் எண்ட ஆன்டிபயோட்டிக்குக்கு கிருமி பழகிட்டுதா எண்டு கிருமிட 23எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீனில பார்க்கிறது. முதல் கோர்ஸ் சரிவராட்டி இதைப் பத்திக் கதைங்க. முந்தி சளிக்கோ வேற எதுக்கோ கிளரித்ரோமைசின் போட்டிருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க.

மருந்து பெரும்பாலும் 14 நாள், நடுவில விடக்கூடாது. பிஸ்மத் இருந்தா மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேணாம். பிஸ்மத்தோ இரும்புக் குளிசையோ போடாம தார் மாதிரிக் கறுப்பாப் போனா, ரத்தமா சத்தி வந்தா உடனே ஹொஸ்பிட்டலுக்கு ஓடுங்க. காரணமில்லாம மெலிஞ்சா எண்டொஸ்கோப்பி பத்திக் கேளுங்க.

கோர்ஸ் முடிஞ்சு குறைஞ்சது 4 கிழமை கழிச்சு மூச்சு டெஸ்டோ மல டெஸ்டோ திரும்பச் செய்யணும். எரிவு நிண்டுட்டுது எண்டு இதை விடுற ஆக்கள்தான் கூட.