தேன்பெட்டி வைக்கிறீர்களா? அம்மாச்சியையும் மாடிக்குக் கூப்பிடுங்கள்

பெங்களூருவில் மாடியில் தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் பெட்டி என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். தேனீ வளர்க்கிற சாக்கில் வீட்டுப் பெரியவர்களின் பழைய கதையையும் பதிவு செய்துவிடலாம், அதற்கும் வருகிறேன். காலை வெயில் விழுந்து மதியம் நிழல் தட்டுகிற ஒரு மூலை இருக்கிறதா, துணி காயப்போட வருகிறவர்கள் பாதையில் தேனீ குறுக்கே பறக்குமா என்று முதலில் பாருங்கள், கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பூவுக்கு இங்கே பஞ்சமில்லை. புங்கை, நாவல், முருங்கை, தென்னை எல்லாம் தெருவிலேயே நிற்கின்றன.

நமக்கு ஏற்றது இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். அபார்ட்மென்ட் சன்ஷேடில் பெரிதாகத் தொங்குவது மலைத்தேனீ. அது பெட்டிக்குள் அடங்காது, கிட்டே போகாதீர்கள். திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நூறு வருஷத்துக்கு முன்பே நம்ம ஊர்த் தேனீக்கு என்று அளவு வைத்துச் செய்த பெட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள், தேனீ வளர்ப்புக்கென்றே அங்கே ஒரு துறை உண்டு. ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது கட்டாயம், இல்லாவிட்டால் எறும்புத் தொல்லை தாங்காமல் கூட்டம் மொத்தமும் பெட்டியைக் காலி பண்ணிவிடும். தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் தேனீயோடு கொசுவும் வளர்ப்பீர்கள்.

சரி, அம்மாச்சி விஷயத்துக்கு வருகிறேன். யுத்தகாலத்தில் பர்மாவிலிருந்து வந்தவர் அவர். எங்கள் வீட்டில் பர்மா கதை என்பது எப்போதும் ஒரே வரிதான்: "நடந்தே வந்தோம்." 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது, அடுத்து வந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்குச் சிலர், தாங்குப் கணவாய் வழியாகக் கடலோர அக்யாப் பக்கம் சிலர், வழியிலேயே காலராவில் போனவர்கள் ஏராளம். இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். யார் யாரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், என்ன தின்றார்கள் என்பது வீட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

போனை முகத்துக்கு நேரே பிடித்து "கதை சொல்லுங்க அம்மாச்சி" என்றால் அந்த ஒரு வரிதான் மறுபடியும் வரும். கைக்கு வேலை கொடுங்கள். தேனீயைச் சாந்தப்படுத்தப் புகை விடுகிற புகைப்பானுக்குத் தேங்காய் நாரைப் பிய்த்துப் போடுவது, அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் சட்டங்களின் மேல்கட்டையில் மெழுகு தேய்ப்பது, இதெல்லாம் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை. பதிவு செய்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு போனை ஸ்டூலில் வைத்துவிடுங்கள். "பயமா இருந்துச்சா" என்று கேட்காதீர்கள், "கையில என்ன எடுத்துக்கிட்டுக் கிளம்பினீங்க" என்று கேளுங்கள்.

பெட்டியை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறிய காலையில் திறங்கள். வாசலுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, லேசாகப் புகை காட்டி, ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து, பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பாருங்கள். ராணியைத் தேட வேண்டியதில்லை. அறைக்கு ஒன்றாக ஊசிமுனை போல வெள்ளை முட்டை நட்டு நின்றால் ராணி இருக்கிறாள் என்று அர்த்தம். காலி அடையில் நூலாம்படை தெரிந்தால் மெழுகுப்பூச்சி, அந்த அடையை உடனே எடுத்துவிடுங்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் சீவிவிட்டு அந்த இடத்தில் புகை காட்டுங்கள். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழ வாடை வரும், அதை மோந்துதான் மற்றவையும் பாய்ந்து வருகின்றன. அம்மாச்சியின் நாற்காலி மாடிப்படிக் கதவருகே இருக்கட்டும்.

மழைக்காலத்தில் பூ குறைந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, சாயங்காலத்தில் வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும்.

கூட்டம் பிரிந்து போகும்போது தேனீக்கள் வயிறு முட்டத் தேன் குடித்துக்கொண்டுதான் கிளம்பும் என்று ஒருநாள் சும்மா சொன்னேன். நாரைப் பிய்த்துக்கொண்டிருந்த அம்மாச்சி, "வெவரமானதுக. எங்களுக்கு ஒரு படி அவுலுதான்டா, அதுவும் சிந்த்வின் ஆத்துல நனைஞ்சுபோச்சு. அப்பா அதப் பாறையில காயவச்சு அள்ளிக்கிட்டாரு" என்றது. ஆற்றின் பெயரே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பர்மாவிலிருந்து நம்மவர்கள் நடந்துவந்த அதே 1942இல்தான், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த போலந்துப் பிள்ளைகள் ஈரான் வழியாக ஜாம்நகர் பக்கத்துப் பாலாச்சடி முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள், பிறகு கோலாப்பூர் அருகே வலிவடேயிலும் ஒரு பெரிய முகாம் வந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் சங்கமாகச் சேர்ந்து தங்கள் நினைவுகளைத் தொகுத்தார்கள். நாமும் ஒருவரோடு நிறுத்தக் கூடாது.

பெட்டியின் மேலடுக்கான தேன் அறையில் அடைக் கண்கள் முக்கால்வாசி மெழுகால் மூடியிருந்தால் மட்டும் தேன் எடுங்கள், கீழே புழு வளர்கிற அறையின் தேனைத் தொடாதீர்கள். பதிவு செய்ததைப் பேசியவர் பெயர், தேதி, ஊர்ப்பெயர் போட்டு அன்றைக்கே சேமித்து, சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போடுங்கள். "அவல் இல்ல, அரிசி" என்று சின்னத்தாத்தா யாராவது சண்டைக்கு வருவார். அவரிடமும் நாரைக் கொடுத்து உட்காரவைத்து, அவர் சொல்வதையும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.