தடித்த செரிஃப் எழுத்தில் தமிழ்ப் பெயர்: புள்ளி ஒட்டாமல் லேபிள் செய்வது எப்படி?

தக்கலையில் என் அத்தை ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறார். (நேந்திரனைக் குமரிப் பக்கம் ஏத்தன் என்றுதான் சொல்வோம்.) போன ஓணத்துக்குப் புதுக் கவர் அடிக்கும்போது, "தூரத்துல நின்னு பாத்தாலும் தெரியணும் மக்கா" என்றார். கனமான செரிஃப் எழுத்துதான் (கோட்டு முனைகளில் சிறு அடி வைத்த வகை) சரி என்று முடிவு செய்தேன். 500 கவர் அடித்து வந்தபோது 'ஏத்தங்காய்' என்பதில் த், ங் இரண்டின் புள்ளியும் தலைக்கோட்டோடு ஒட்டிக்கிடந்தன. பிறகு சரிசெய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எழுத்துரு

நான் எடுத்தது நோட்டோ செரிஃப் தமிழ். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஜிப்பைப் பிரித்தால் 'ஸ்டாட்டிக்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள 'பிளாக்' (இருப்பதிலேயே கனமான வடிவம்) கோப்பை நிறுவுங்கள். வெளியே தனியாகக் கிடக்கும் வேரியபிள் கோப்பு (எல்லாக் கனமும் ஒன்றாக அடங்கியது) சில மென்பொருள்களில் ஒழுங்காக வேலை செய்யாது.

ஆங்கிலப் பெயரும் வேண்டுமென்றால் அப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற எழுத்துரு நல்ல ஜோடி. தண்டு (நிமிர்ந்த கோடு) மிகத் தடிமன், இணைப்புக் கோடு மயிரிழை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரி விளம்பரங்களில் பரவிய 'ஃபேட் ஃபேஸ்' எழுத்துகளின் வழியில் வந்தது இது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் நாகர்கோவிலில் லண்டன் மிஷன்காரர்கள் அச்சகம் தொடங்கினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை: அப்ரில் ஃபேட்ஃபேஸில் ஒரே கனம்தான் உண்டு. அதன்மேல் 'போல்டு' அழுத்தினால் மென்பொருள் தானாகப் போலிக் கனம் ஏற்றும். மயிரிழை தடித்து, எழுத்தின் உள்வெளி அடைந்து, அழகே போய்விடும்.

2. தட்டச்சு

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோடில் அடியுங்கள். அச்சகங்களில் புழங்கும் கோரல் டிராவை விட எனக்கு இதுதான் பிடிக்கும். தமிழ் உடையாமல் வரும், காசும் இல்லை. பெயரை மட்டும் பிளாக்கில் வையுங்கள். சேர்மானப் பொருள், எடை, தேதி எல்லாவற்றுக்கும் முக்தா மலர் போல ஒரு சாதாரண எழுத்துரு போதும். எல்லாமே கனமாக இருந்தால் எதுவும் கண்ணில் படாது.

3. புள்ளியைப் பிரிப்பது

நான் சறுக்கிய இடம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். முதலில் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள், அடுத்த படிக்குப் பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, அன்குரூப் செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு எழுத்தும் ஓவியமாகிவிடும். ஆனால் 'த்' என்பதில் உடலும் புள்ளியும் பெரும்பாலும் ஒரே துண்டாகவே இருக்கும்.

இங்கே 'பிரேக் அபார்ட்' கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். புள்ளி பிரிந்தது உண்மைதான், ஆனால் த-வின் சுழிக்குள் இருந்த ஓட்டையும் தனித் துண்டாகி, கறுப்பாக நிரம்பிவிட்டது. அதற்குப் பதிலாகப் புதிய பதிப்புகளில் 'ஸ்ப்ளிட் பாத்' இருக்கிறது. அது ஓட்டையை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் பிரித்துத் தரும். பழைய பதிப்புதான் கையில் என்றால், பிரேக் அபார்ட் செய்தபின் உடலையும் ஓட்டையையும் சேர்த்துத் தேர்ந்து 'கம்பைன்' கொடுங்கள்.

அப்புறம் புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். எவ்வளவு? 0.5 மி.மீ. உயரத்தில் ஒரு சின்னப் பெட்டி வரைந்து, புள்ளிக்கும் தலைக்கோட்டுக்கும் நடுவே செருகிப் பாருங்கள். அது நுழைய வேண்டும். 'ஏத்தங்காய் சிப்ஸ்' என்பதில் மட்டும் ஐந்து புள்ளிகள். த், ங் இரண்டுக்கும் மேலே கிடைக்கோடு இருப்பதால் அங்கேதான் முதலில் ஒட்டும். தூக்கியபின் ஐந்தும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு வழிகாட்டிக் கோடு போட்டுச் சரிபாருங்கள்.

ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை, படிப்பவர் தாமே புரிந்துகொண்டார். இன்று கடையில் பாக்கெட்டைப் புரட்டுகிறவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கக் கூடாது.

4. அச்சுக்கு முன்

அதே அளவில், நூறு சதவீதத்தில், தாளில் ஒரு பிரதி எடுங்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸையும் இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுங்கள். மூன்றாவது தாளிலும் புள்ளி தனியாக நின்றால் பிளாஸ்டிக் கவரிலும் நிற்கும். மெல்லிய கோடு 0.3 மி.மீ.-க்குக் கீழே போக விடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: பச்சைக் கவரில் வெள்ளை எழுத்து கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். சுற்றியுள்ள மை உள்ளே பரவுவதால் அங்கே புள்ளி சிறுத்துவிடும். புள்ளியைப் பத்து சதவீதம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், மெல்லிய கோட்டையும் கொஞ்சம் தடிப்பாக்குங்கள்.

பின்சேர்க்கை 2: போட்டோஷாப்பில் 'கோ' உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். எழுத்துருவில் தவறில்லை. பழைய பதிப்பு என்றால், பிரிஃபரன்ஸஸில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிதாக ஒரு டெக்ஸ்ட் லேயரில் அடியுங்கள். பழைய லேயர் அப்படியே உடைந்துதான் இருக்கும்.