கடைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மண்ணடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பில் புத்தகம், டாலி என்ற கணக்கு மென்பொருள், முதலாளி போனில் வாட்ஸ்அப் குழுக்கள் என்று எல்லாமே இருக்கும். ஆனால் "12 எம்எம் கம்பி எத்தனை இருக்கு?" என்று கேட்டால், பையனைக் குடோனுக்கு அனுப்பி எண்ணச் சொல்வார்கள்.

கோளாறு பெரும்பாலும் தகவல் உள்ளே வரும் வாசலிலேயே தொடங்குகிறது. ஆர்டர் வாய்ஸ் மெசேஜில் வரும்: "அண்ணே, பத்து அனுப்பிடுங்க." பத்து கம்பியா, பத்து கட்டா? ஒருமுறை நானே கட்டு என்று எழுதிவிட்டேன். சரக்கு மூலக்கடை வரை போய்த் திரும்பியது, வண்டி வாடகை என் சம்பளத்தில் கழிந்தது. அப்புறம் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பொருள், அளவு, எண்ணிக்கை, ரேட் நான்கையும் எழுத்தில் திருப்பி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகே சரக்கோடு போகும் சலான் போடுவது.

இரும்புக் கடைகளில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எடையில் வாங்கி எண்ணிக்கையில் விற்பார்கள், ஏட்டில் இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10.67 கிலோ. 10 டன் வாங்கினால் 937 கம்பி என்று ஏட்டில் ஏறும். ஆனால் கம்பிக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1786-ஏ அந்த அளவுக் கம்பிக்கு எடையில் 5 சதவீதம் கூடவோ குறையவோ விடுகிறது. ஒவ்வொரு கம்பியும் அந்த 5 சதவீதம் கனமாக வந்தால், அதே 10 டன்னுக்குக் குடோனில் 892 தான் இருக்கும். காணாமல் போன 45 கம்பிக்காக லோடுமேனைச் சந்தேகப்பட்ட முதலாளியைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த ஆள் ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை. எடைமேடைச் சீட்டின் எடை ஒரு பத்தியிலும், இறக்கும்போது எண்ணிய எண்ணிக்கை இன்னொரு பத்தியிலும் இருந்திருந்தால் அன்றே விஷயம் தெரிந்திருக்கும்.

ஒப்பிடுவதிலும் ஏமாறுகிறோம். எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றில் 2024 நவம்பர் விற்பனை முந்தைய நவம்பரை விடப் படுத்துவிட்டது என்று ஒரே கவலை. 2023-ல் தீபாவளி நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. கூட்டமெல்லாம் அக்டோபரிலேயே வந்து போயிருந்தது. துணி வியாபாரத்துக்கு ஆங்கில மாதம் சரியான அளவுகோலே இல்லை என்பது என் எண்ணம். தீபாவளியிலிருந்து முப்பது நாள் பின்னோக்கி எண்ணி ஒப்பிடுங்கள்.

ஜிஎஸ்டி விஷயத்தில், கையில் பில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது தவறு. விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டாவிட்டால் உங்களுக்கு வரி வரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. விற்றவர்கள் காட்டிய பில்களைப் பட்டியலிடும் 2பி அறிக்கை மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டவருக்கு அன்றைக்கே போன் போடுங்கள்.

ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஏடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். மெஷினில் வரும் வழவழப்பான பில் சில மாதத்திலேயே வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். ஏடுகளைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீரைப் பார்த்த வடசென்னைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பில் போடுவது, காசு வாங்குவது, இரவு கல்லாவை எண்ணுவது மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும் கடைகள். "நம்ம அக்கா பையன்தான், கேட்டா தப்பா நினைப்பான்" என்பார்கள். எண்ணும் வேலையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து, இருவரும் கையெழுத்து போடட்டும். நான் இதைச் சொன்ன ஒரு கடையில், முதலில் சந்தோஷப்பட்டது அந்த அக்கா பையன்தான்.