முன்பின் அறியாத ஏரியில் பனித்துளை மீன்பிடிப்பு: புதிதாக வந்தவர்களுக்கான திட்டமிடல் வழிகாட்டி

குளிர்நாடொன்றில் குடியேறி முதல் ஓரிரு குளிர்காலங்களைக் கழிப்பவர்கள், உறைந்த ஏரியின் நடுவே கூடாரங்களும் வண்டிகளும் நிற்பதைப் பார்த்துத் தாங்களும் ஒரு நாள் அங்கே தூண்டில் போட விரும்புவது இயல்பு. தூண்டில் போடுவதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கடினமானது அதற்கு முந்தைய வேலை: இதுவரை கண்டிராத ஓர் ஏரியை, அதன் மேல் கால் வைப்பதற்கு முன்பே அறிந்துகொள்வது. திட்டமிடலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பெரும்பகுதி மீனுக்கோ கருவிகளுக்கோ அல்லாமல் ஏரிக்கே போக வேண்டும் என்பதால், இந்த வழிகாட்டியும் அவ்வாறே அமைந்திருக்கிறது.

ஏரி உறையும் விதத்திலிருந்து தொடங்குவது நல்லது. நீர் 4 பாகை செல்சியஸில் மிகவும் அடர்த்தியாக இருப்பதால், குளிர்காலத்தில் அந்த வெப்பநிலையிலுள்ள நீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. மேலே உறைந்த தட்டுக்குக் கீழே மீன்கள் குளிர்காலம் முழுவதும் உயிரோடிருப்பது இதனால்தான். ஆனால் அந்தத் தட்டு எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் உருவாவதில்லை. ஆறு வந்து கலக்கும் இடம், ஏரியிலிருந்து நீர் வெளியேறும் இடம், இரு கரைகள் நெருங்கி நீரோட்டம் வேகமாகும் இடுக்கு, பாலத்தின் அடிப்பகுதி, அடியில் ஊற்றுள்ள இடம், நாணலும் கட்டைகளும் பனிக்கட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் ஆகியவற்றில் அது மெல்லியதாகவே இருக்கும். படகுத்துறைகளைப் பனி நெரித்துவிடாமலிருக்கச் சிலர் நீருக்கடியில் காற்றுக்குமிழி விடும் இயந்திரங்களை ஓட்டுவதால், அவற்றைச் சுற்றிலும் பனிக்கட்டி வலுவற்றதாகவோ முற்றிலும் இல்லாமலோ இருக்கலாம். மேலே விழுந்த புதுப்பனி இவை அனைத்தையும் ஒரே வெள்ளையாக மூடிவிடும். உள்ளூர்க்காரர் பல ஆண்டுப் பழக்கத்தால் தவிர்க்கும் இடத்திற்குப் புதியவர் நேராக நடந்து போவது இப்படித்தான்.

ஆகவே முதல் வேலை வரைபடம். ஏரியின் ஆழக் கோடுகளைக் காட்டும் வரைபடங்கள் பல ஏரிகளுக்குக் கிடைக்கின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசின் ஃபிஷ் ஆன்லைன், அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறையின் லேக்ஃபைண்டர் ஆகிய இணையக் கருவிகளில் ஏரியின் பெயரைத் தேடினால், அங்குள்ள மீன் இனங்கள் போன்ற விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நோர்வேயில் வசிப்பவர்கள் அந்நாட்டு நீர்வள, எரிசக்தி இயக்ககம் நடத்தும் வார்சொம் தளத்தில் பனிக்கட்டி நிலைமை பற்றிய அறிவிப்புகளைப் படிக்கலாம். வரைபடத்தில் ஆறுகள் கலக்கும் இடங்களையும் இடுக்குகளையும் முதலில் குறித்துக்கொண்டு, அவற்றை விலக்கிவிட்டு எஞ்சும் பகுதியில் மட்டுமே மீனைத் தேட வேண்டும். அதன்பின் ஏரிக்கரையிலுள்ள இரை விற்கும் கடைக்கோ பனிக்கட்டியின் மேல் மீன்பிடிக் குடில் வைத்து வாடகைக்கு விடுபவருக்கோ தொலைபேசியில் பேசுங்கள். "பனிக்கட்டி நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்ற பதில்தான் வரும். எந்த இறங்குதுறையிலிருந்து ஆட்கள் போகிறார்கள், எத்தனை சென்டிமீட்டர், எப்போது அளந்தது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே மிகவும் பயனுள்ளது.

முதல் பயணத்திற்கு என் பரிந்துரை, ஒன்ராறியோவின் சிம்கோ, நிப்பிசிங் ஏரிகள் அல்லது மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி போல, குடில் வாடகைத் தொழில் நிலைபெற்றுள்ள ஏரியைத் தேர்ந்தெடுப்பதே. அங்கே தொழில் நடத்துபவர்கள் தினமும் பனிக்கட்டியை அளந்து, வழியைக் குறித்து, துளையிட்டு, சூடேற்றிய குடிலில் கொண்டுபோய் விடுவார்கள். செலவு ஆகும் என்றாலும், நீங்கள் அங்கே வாங்குவது மற்றவரின் ஏரி அறிவை என்பதை மறக்க வேண்டாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. பின்லாந்தில் ஒற்றைத் தூண்டிலால் பனித்துளையில் மீன் பிடிக்கப் பொதுவாக உரிமம் தேவையில்லை. நோர்வேயின் உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடி உரிமை நில உரிமையாளரைச் சேர்ந்தது என்பதால், அந்தந்த நீர்நிலைக்குரிய மீன்பிடி அட்டையை வாங்க வேண்டும். ஒன்ராறியோ 20 மீன்வள மேலாண்மை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்த மீனை எப்போது, எத்தனை பிடிக்கலாம் என்பது மண்டலத்தைப் பொறுத்தது, சில ஏரிகளுக்குத் தனி விலக்குகளும் உண்டு. அங்கே பனித்துளையில் பெரும்பாலும் இரண்டு தூண்டில்கள் போடலாம், ஆனால் போட்டவர் அவற்றிலிருந்து 60 மீட்டருக்குள், அவற்றைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மினசோட்டாவில் உரிம ஆண்டு பெப்ரவரி இறுதியில் முடிவதால், மார்ச் முதல் வாரத்தில் பழைய உரிமத்தோடு பனியில் நிற்பவர் உரிமமில்லாதவர் ஆகிவிடுவார். புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு: உள்ளூர் வசிப்பாளருக்கான மலிவான உரிமத்தை எடுக்க, அங்கே சில மாதங்களாவது வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் இருக்கிறது. முகவரி கிடைத்துவிட்டதால் மட்டும் அந்தத் தகுதி வந்துவிடாது.

இனி, யாரும் முதலில் கேட்கும் கேள்வி: எத்தனை தடிப்பு போதும்? கனடிய செஞ்சிலுவைச் சங்கம் தனியே நடப்பவருக்கு 15 சென்டிமீட்டர், குழுவுக்கு 20, பனி ஸ்கூட்டருக்கு 25 என்று சொல்கிறது. மினசோட்டா இயற்கைவளத் துறை நடப்பவருக்கு 4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் என்கிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முரண் அன்று. பாதுகாப்புக்காக எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்பதுதான். அறியாத ஏரியில் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் இந்த எண்கள் புதிதாக உறைந்த, தெளிந்த, நீலங்கலந்த பனிக்கட்டிக்கு மட்டுமே பொருந்தும். பனிப்பொழிவின் பாரத்தால் பனிக்கட்டி அமிழ்ந்து, வெடிப்புகள் வழியே நீர் மேலேறிப் பனியோடு கலந்து உறையும்போது உருவாகும் வெள்ளைப் பனிக்கட்டி அதில் பாதி வலுவே உடையது. ஆகவே அங்கே தடிப்பு இரட்டிப்பாக வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் அதில் நீர் ஊறியிருக்கிறது என்று பொருள், அதன் மேல் போகவே கூடாது. மார்ச் மாதத்துப் பனிக்கட்டி தடிப்பாக இருந்தும் வெயிலில் செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து உதிரும் நிலைக்கு வந்திருக்கலாம் என்பதால், அக்காலத்தில் எண்ணை நம்புவதே தவறு.

கரையிலிருந்து இறங்கும்போது நுனி கூரிய நீண்ட இரும்புக் கடப்பாறையால் முன்னே ஓங்கிக் குத்திக்கொண்டே நடக்க வேண்டும். ஓரிரு குத்திலேயே அது நீருக்குள் இறங்கினால், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிவிடுங்கள். ஏறக்குறைய 45 மீட்டருக்கு ஒரு முறை துளையிட்டு, கொக்கியுள்ள அளவுகோலைத் துளையின் அடிவிளிம்பில் மாட்டித் தடிப்பை அளப்பது மினசோட்டாவின் பரிந்துரை. தூரத்தில் ஒரு சரக்குந்து நிற்பதைப் பார்த்து, "அதையே தாங்கும் பனி நம்மைத் தாங்காதா?" என்று நினைப்பதுதான் புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் ஆபத்து. அந்த வண்டி எந்த வழியாக அங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் சொந்த வாகனத்தை ஏரியின் மேல் ஓட்டிச் செல்லும் எண்ணத்தை முதல் சில பருவங்களுக்கு விட்டுவிடுவதே அறிவு. மாறாக, கடுங்குளிரில் ஏரி இடிபோல முழங்கும் ஒலியைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பனிக்கட்டி விரிந்து சுருங்குவதால் எழும் ஒலி அது, உடைவதற்கான அறிகுறி அல்ல.

மிகப் பெரிய ஏரிகளில் தடிப்பு மட்டும் போதாது, காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். 2009 பெப்ரவரியில் ஓகையோ மாநிலக் கரையோரமாக ஈரி ஏரியில் பனித்தட்டு கரையிலிருந்து பிரிந்து நகர்ந்ததில் 100-க்கும் மேற்பட்டோர் அதன்மேல் சிக்கிக்கொண்டனர், ஒருவர் உயிரிழந்தார். அங்கே பனிக்கட்டி மெல்லியதாக இருந்தது என்பதல்ல சிக்கல், தட்டு முழுவதுமே கரையை விட்டு விலகியதே. கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று பலமாக வீசும் என்று முன்னறிவிப்பு சொன்னால், புறப்படாமலிருப்பது நல்லது.

மீனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பனி உறைந்த தொடக்க வாரங்களில் பச்சையாக எஞ்சியிருக்கும் நீர்த்தாவரங்களை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதிகளில் மீன் கிடைக்கும். குளிர்கால நடுவில் அத்தாவரங்கள் அழுகி உயிர்வளியைக் குறைப்பதால் மீன்கள் ஆழத்திற்கு நகரும். பெர்ச் மீன் பகலில் கடிக்கும், வால்ஐ மீன் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்நீரில் மீனின் உடலியக்கம் மந்தமாகிவிடுவதால் சிறிய இரையை மெதுவாக அசைப்பதே பலன் தரும். ஒரே துளையில் நாள் முழுவதும் அமர்வதைவிட, வரைபடத்தில் ஆழம் சட்டென மாறும் சரிவை ஒட்டிப் பல துளைகளிட்டு மாறி மாறிப் பார்ப்பது நல்லது.

உடையில் பருத்தியை உடலோடு ஒட்டி அணிய வேண்டாம். வியர்வையில் நனைந்தால் அது உலராமல் குளிரை உள்ளே பிடித்துவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழையாலான உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, அதற்கும் மேல் காற்றுப் புகாத அடுக்கு என்று அணிந்து, நடக்கும்போது ஒன்றைக் கழற்றி, அமரும்போது மீண்டும் அணிந்துகொள்ள வேண்டும். காற்றுக்குளிர், அதாவது காற்றின் வேகத்தையும் சேர்த்து உடல் உணரும் குளிரின் அளவு, கழித்தல் 28-க்குக் கீழே போனால் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்பது கனடியச் சுற்றுச்சூழல் துறையின் கணிப்பு. கைபேசியைச் சட்டையின் உட்பையில் வையுங்கள், குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். மிதவை உடை அல்லது உயிர்காப்பு அங்கி, நீரில் விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஏற உதவும், கழுத்தில் தொங்கும் பனிக்கூர்முனைகள் இரண்டு, 15 மீட்டர் கயிறு, காலணியில் மாட்டும் முள்பட்டை ஆகியவற்றை மீன்பிடி கருவிகளுக்கு முன்பே வாங்க வேண்டும்.

கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பைப் பயன்படுத்துவோர் மேலும் கீழும் காற்று வழி விட வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்தால் குளிரென்று எண்ணிக் கூடாரத்தை இன்னும் இறுக்கமாக மூடுவதுதான் பலர் செய்வது. எச்சரிக்கைக் கருவி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், அறிகுறி தெரிந்ததும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பனிக்கட்டி உடைந்து நீருக்குள் விழுந்தால் என்ன செய்வது என்பதைக் குழுவிலுள்ள எல்லோரும் வீட்டிலேயே பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற விதி நினைவில் நிற்கக்கூடியது: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் பயன்தரும் வகையில் அசைய 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறக்குறைய 1 மணி நேரம். ஆகவே முதல் நிமிடத்தில் பதறி நீந்த முயலாமல் மூச்சைச் சீராக்குங்கள். பின்னர், வந்த திசையை நோக்கித் திரும்புங்கள், சற்று முன்வரை உங்களைத் தாங்கியது அந்தப் பக்கத்துப் பனிக்கட்டிதான். கூர்முனைகளைக் குத்தி, கால்களை உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி, மேலே வழுக்கி ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். மீட்பவர் விளிம்புக்கு ஓடக்கூடாது. அவசர உதவியை அழைத்துவிட்டு, தள்ளிப் படுத்தபடி கயிற்றை எறிய வேண்டும். தனியே போகக்கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. கரையில் இருக்கும் ஒருவரிடம் இறங்குதுறையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

எந்த நிலையில் பயணத்தை ரத்து செய்வது என்பதையும் முன்னரே முடிவு செய்து வைப்பது நல்லது. முந்தைய சில நாட்களில் மழை பெய்திருந்தால், வெப்பநிலை சுழியத்துக்கு மேலே நின்றிருந்தால், அல்லது தொலைபேசியில் பேசியவர் தயங்கினால் போக வேண்டாம். விடுப்பு எடுத்து, வண்டியை நிரப்பி, மூன்று மணி நேரம் ஓட்டி வந்து கரையில் நிற்கும்போது இந்த முடிவை எடுப்பது யாருக்கும் எளிதன்று.

பிடித்ததை விடுவிக்க நினைத்தால் மீனைத் துளையின் வாயிலேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், கடுங்குளிர்க் காற்றில் அதன் கண்களும் செவுள்களும் நொடிகளில் உறையத் தொடங்கும். ஏறக்குறைய 10 மீட்டரைவிட ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை விரிந்துவிடுவதால், விடுவித்தாலும் அது பிழைக்காமல் போகலாம். தேவையான எண்ணிக்கை கிடைத்ததும் ஆழமான இடத்தை விட்டு நகருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனை எந்த அளவில், மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்பது அதிலுள்ள பாதரசத்தைப் பொறுத்து ஏரிக்கு ஏரி மாறும். ஒன்ராறியோ அரசு இதற்கென வெளியிடும் வழிகாட்டியில், கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனி அளவு கொடுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சிய உயிருள்ள இரையை ஏரியில் கொட்டாதீர்கள், அது வேற்றினங்களைப் பரப்பும் என்பதால் பல இடங்களில் சட்டவிரோதமும் ஆகும். சொந்தக் குடில் வைக்கத் தொடங்கும் காலத்தில் பதிவெண், அகற்றும் கடைசித் தேதி ஆகிய விதிகள் வரும். ஒன்ராறியோவில் 7 சதுர மீட்டருக்கு மேற்படாத துணிக்கூடாரத்துக்குப் பதிவு தேவையில்லை என்பதால், தொடக்கத்தில் அதுவே போதும். கிளம்பும்போது பெரிய துளைகளுக்கு அருகே மரக்கிளை ஒன்றை நட்டுவிட்டு வாருங்கள், இரவில் அந்த வழியே வருபவரின் கால் அதில் இறங்காதிருக்கும்.